வேலை போகிறது, 46,000 பவுண் வருகிறது: எவ்வளவு வரி வெட்டுவார்கள்? பென்சனை எடுக்கலாமா?

மேற்குலண்டன்காரன்

வணக்கம் உறவுகளே. எனக்கு 57 வயது. பார்க் ரோயல் பக்கம் ஒரு சாப்பாட்டுச் சாமான் வெயர்ஹவுஸில் 23 வருடமாக வேலை செய்கிறேன். இப்போது அதை மூடிவிட்டு மிட்லண்ட்ஸ் பக்கம் கொண்டுபோகிறார்கள். அங்கே வரலாம் என்றார்கள். மனைவிக்கு இங்கே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மகள் ஏ லெவல் படிக்கிறாள். நான் போகவில்லை.

கடிதம் வந்துவிட்டது. மார்ச் 27 கடைசி நாள். ரிடண்டன்சி காசு (ஆட்குறைப்புக்கு நட்டஈடு) மொத்தம் 46,000 பவுண். அதில் சட்டப்படி தரவேண்டியது 18,308, மிச்சம் கொம்பனி தன் பங்காகத் தருவது. 12 கிழமை நோட்டீஸுக்குப் பதிலாக 7,846 பவுண். எடுக்காத லீவுக்கு 1,300. எல்லாம் மார்ச் கடைசிச் சம்பளத்தோடு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். என் சம்பளம் வருடம் 34,000.

பென்சன் பொட்டில் (ஓய்வூதியச் சேமிப்பில்) 84,000 பவுண் இருக்கிறது. வீட்டு மோட்கேஜ் இன்னும் 38,000 பாக்கி. என் யோசனை இதுதான்: பென்சனில் இருந்து 38,000 எடுத்து வீட்டுக் கடனை ஒரேயடியாக அடைப்பது, ரிடண்டன்சி காசை பாங்கில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வேலை தேடுவது. மகன் சொல்கிறான் ரிடண்டன்சிக்கு வரியே இல்லை என்று. கூட வேலை செய்யும் போலந்துக்காரர் பாதி போய்விடும் என்கிறார். இரவு ஷிஃப்ட், ஃப்ரீசர் ரூம் என்று உழைத்த காசு. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

அண்ணா, மனதைத் தளரவிடாதீர்கள். 23 வருட அனுபவத்துக்கு ஹீத்ரோ பக்கம் கார்கோ வேலைகள் இருக்கின்றன, எனக்கு மெசேஜ் போடுங்கள்.

வரி விஷயம்: முதல் 30,000 பவுணுக்கு வரி இல்லை. அது நிச்சயம். நோட்டீஸ் காசுக்கும் வரி இல்லை என்றுதான் நினைக்கிறேன். 2015இல் என் மச்சானை நிற்பாட்டியபோது அவருடைய கொன்ட்ராக்டில் நோட்டீஸ் காசு பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதனால் அதையும் 30,000க்குள் சேர்த்து வரியில்லாமல் கொடுத்தார்கள்.

பேரோல்காரி

அண்ணா, நான் இங்கே பேரோல் (சம்பளக் கணக்கு) பகுதியில் நெடுநாளாக வேலை செய்கிறேன். ரிடண்டன்சிக் கணக்குகள் நிறையப் போட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கண்ணில் பட்டது மார்ச் 27 என்ற திகதிதான். தொகைக்குப் பிறகு வருகிறேன், முதலில் திகதி.

வரி வருடம் ஏப்ரல் 5 உடன் முடிகிறது. மார்ச்சில் காசு வந்தால், நீங்கள் ஏற்கெனவே முழு வருடச் சம்பளம் எடுத்திருக்கிற 2025-26 வருடத்தின் தலையில்தான் எல்லாம் ஏறும். ஏப்ரல் 6க்குப் பிறகு வந்தால் புது வருடம். அந்த வருடத்துக்கான 12,570 பவுண் வரிவிலக்கு இன்னும் தொடாமல் அப்படியே இருக்கும்.

இப்போது தொகை. 46,000இல் முதல் 30,000க்கு வருமான வரியும் இல்லை, நாஷனல் இன்சூரன்ஸும் (சம்பளத்தில் பிடிக்கிற அரச காப்புறுதிக் காசு) இல்லை. சட்டப்படியான 18,308உம் இந்த 30,000க்குள்தான் அடங்கும், அதற்கென்று தனி விலக்கு கிடையாது. மேலே உள்ள 16,000க்கு வருமான வரி உண்டு, ஆனால் உங்கள் பக்கத்தில் நாஷனல் இன்சூரன்ஸ் இல்லை. லீவுக் காசு சாதாரணச் சம்பளம் மாதிரி. நோட்டீஸ் காசும் அப்படித்தான். தம்பி, உங்கள் மச்சானுக்கு நடந்தது அந்தக் காலத்துச் சட்டப்படி சரி. 2018 ஏப்ரல் 6இல் அதை மாற்றிவிட்டார்கள். கொன்ட்ராக்டில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலை செய்யாத நோட்டீஸ் காலத்து அடிப்படைச் சம்பளத்துக்கு வரியும் நாஷனல் இன்சூரன்ஸும் உண்டு.

ஆக வரிக்கு உட்படுவது 16,000உம் 7,846உம் சேர்ந்து 23,846. லீவுக் காசோடு உங்கள் இந்த வருட வருமானம் 35,300 அளவில் நிற்கும். அதன் மேல் இது ஏறினால் 59,146. 50,270ஐத் தாண்டிய பகுதிக்கு 40 வீதம். இந்த 23,846க்கு மட்டும் வரி ஏறக்குறைய 6,544 பவுண். அதே காசு ஏப்ரல் 6க்குப் பிறகு வந்து, அந்த வருடத்தில் வேறு வருமானம் இல்லை என்று வைத்தால், வரி 2,255. வித்தியாசம் 4,289 பவுண்! அடுத்த வருடம் 30,000 சம்பளத்தில் வேலை கிடைத்தாலும் இந்தக் காசுக்கான வரி 5,500க்குக் கிட்டத்தான் வரும், அதாவது மார்ச்சைவிடக் குறைவு. (இங்கிலாந்துக் கணக்கு இது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு விகிதங்கள் வேறு.)

ஒன்றைக் கவனியுங்கள். காசு உங்களுக்கு உரித்தான பிறகு “கொஞ்சம் பிந்திப் போடுங்கள்” என்று கேட்டுப் பலனில்லை. உரித்தான நாளைத்தான் பார்ப்பார்கள். வேலை முடிகிற நாளையே முன்கூட்டி எழுத்தில் மாற்ற வேண்டும். எச்ஆருக்கு (கொம்பனியின் ஆளணிப் பகுதிக்கு) இன்றைக்கே எழுதுங்கள்: 12 கிழமை நோட்டீஸில் முதல் இரண்டு கிழமையை வீட்டில் இருந்தபடி கழிக்கிறேன், வேலை ஏப்ரல் 10 வெள்ளிக்கிழமை முடியட்டும், மிச்சம் பத்துக் கிழமைக்குக் காசாகத் தாருங்கள், ரிடண்டன்சியும் அந்தத் திகதிக்குப் பிறகே உரித்தாகட்டும். கொம்பனிக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. 12 கிழமை எப்படிப் பிரித்தாலும் 12 கிழமைதான். மறுக்க அவர்களுக்குப் பெரிய காரணம் இல்லை, கேட்கிறவர்கள்தான் குறைவு.

பென்சன் பற்றி இரவு எழுதுகிறேன். அதுவரை பென்சன் கொம்பனிக்கு ஒரு படிவமும் அனுப்பாதீர்கள், அண்ணா.

ஹரோ அன்ரி

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். என் கணவர் பழைய வேலை ஒன்றின் பென்சன் பொட் 22,000ஐ முழுதாக எடுத்தார். கால்வாசி 5,500க்கு வரி இல்லை, மிச்சம் 16,500க்கு 20 வீதம் என்றால் 3,300தானே என்று இருந்தோம். வெட்டியதோ 5,800! மகளின் யூனிவர்சிட்டி வீட்டு அட்வான்ஸுக்கு வைத்த காசு. என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் நித்திரை இல்லாமல் இருந்தோம். பிறகு எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) இணையத்தளத்தில் பி53இசட் என்ற படிவம் நிரப்பி 2,500 அளவில் திரும்ப வந்தது. வரும், ஆனால் காசு தேவைப்படுகிற நாளில் கையில் இருக்காது.

பேரோல்காரி

அன்ரி வீட்டில் நடந்தது எல்லோருக்கும் நடக்கிறது. பென்சனில் முதல் முறை பெரிய தொகை எடுக்கும்போது, அதே தொகையை மாதாமாதம் எடுக்கப் போகிறீர்கள் என்று கருதி அந்த ஒரு மாதத்துக்கான வரிவிலக்கை மட்டும் கொடுத்து வெட்டுவார்கள். எமேர்ஜென்சி டக்ஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

அண்ணா, நீங்கள் 38,000 எடுத்தால் 9,500க்கு வரி இல்லை. மிச்சம் 28,500இல் உடனே 11,200 பவுணுக்குக் கிட்ட வெட்டுவார்கள். கையில் வருவது 26,800 அளவு. மோட்கேஜ் அடைபடாது. அந்த வருடம் வேறு வருமானம் இல்லாதவருக்கு உண்மையான வரி 3,186 மட்டுமே. மிச்சத்தை பி55 படிவம் போட்டுத் திரும்ப எடுக்கலாம். ஆனால் ரிடண்டன்சிக் காசும் அதே வருடத்தில் வந்தால் உண்மையான வரியே கூடிவிடும்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. பென்சனின் வரிக்குரிய பகுதியில் இருந்து ஒரு பவுண் இப்படி எடுத்தாலும், அதன் பிறகு உங்கள் பென்சனுக்குள் நீங்களும் வேலை தருபவரும் சேர்ந்து வருடத்துக்கு 10,000க்கு மேல் வரிச் சலுகையோடு போட முடியாது. சாதாரணமாக அந்த எல்லை 60,000. ஒரு தடவை 10,000 ஆனால் ஆனதுதான். உங்களுக்கு 57 வயது, அரச பென்சன் 67இல்தான். இன்னும் பத்து வருடம் உழைக்கப் போகிற ஆள். இந்தக் கதவை இப்போதே அடைக்கக் கூடாது.

வரியில்லாத கால்வாசியை மட்டும், அதாவது 21,000ஐ மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் வைத்தால் இந்த 10,000 எல்லை வராது, வரியும் இல்லை. அது நல்ல வழிதான். ஆனால் உங்கள் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதுகூடத் தேவையில்லை. மோட்கேஜை ரிடண்டன்சிக் காசாலேயே அடையுங்கள். பாங்கில் கிடக்கிற காசின் வட்டிக்கும் ஒரு கட்டத்தில் வரி வரும். பென்சனுக்குள் கிடக்கும் காசு வளர்ந்தால் உள்ளே வரி இல்லை. நீங்கள் நினைத்திருந்ததை அப்படியே மாறிச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. வரியில்லாமல் கைக்கு வருகிற 30,000ஐ முதலில் செலவழியுங்கள், பென்சனைக் கடைசியில் தொடுங்கள்.

இன்னொரு வழியும் சேர்க்கலாம். 30,000க்கு மேலான 16,000இல் ஒரு பகுதியை உங்கள் கைக்குத் தராமல் நேராகப் பென்சனுக்குள் போடச் சொல்லிக் கொம்பனியிடம் கேட்கலாம். அந்தப் பகுதிக்கு இப்போது வரி இல்லை. கொம்பனிக்கும் லாபம், 30,000க்கு மேலான தொகைக்கு அவர்கள் 15 வீதம் நாஷனல் இன்சூரன்ஸ் கட்டவேண்டும், பென்சனுக்குள் போட்டால் அது மிச்சம். 10,000 போட்டால் அவர்களுக்கு 1,500 மிச்சம், அதில் பாதியாவது பொட்டில் சேருங்கள் என்று கேளுங்கள். இதையும் வேலை முடியுமுன் எழுத்தில் செய்ய வேண்டும்.

கணக்கு இப்படி வரும். ஏப்ரல் 10 முடிவு, 10,000 பென்சனுக்கு. புது வரி வருடத்தில் கைக்கு வருகிற வரிக்குரிய காசு, 6,000உம் சம்பளமும் நோட்டீஸ் காசும் சேர்ந்து 13,846. லீவுக் காசும் வேறு வருமானமும் இதில் சேராவிட்டால் முழு வருடத்துக்கும் உண்மையான வரி 255 பவுண். ஆனால் ஏப்ரல் மாதத்தில் பேரோல் முதல் மாதக் கணக்குப்படி 4,600 அளவு வெட்டும், நாஷனல் இன்சூரன்ஸ் 320 அளவு போகும். பார்த்துத் திடுக்கிடாதீர்கள். கையில் 38,900 வரும். மோட்கேஜ் அடைபடும். கூட வெட்டிய 4,350 பிறகு திரும்ப வரும். புது வேலை கிடைத்தால் பி45ஐ (வேலை விடும்போது கொம்பனி தருகிற வரித் தாள்) அங்கே கொடுங்கள், சம்பளத்திலேயே சரிசெய்வார்கள். வேலையும் இல்லை, ஜொப் சென்டர் (வேலையில்லாதவர்களுக்கான அரச அலுவலகம்) காசும் இல்லை என்றால் நான்கு கிழமை கழித்து, வரியைத் திரும்பக் கேட்கிற பி50 படிவம் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. பி45 கொடுத்த பிறகு காசு போட்டால் வரிவிலக்கே இல்லாத வரிக் கோட் ஒன்றில் வெட்டுவார்கள், இன்னும் கூடப் போகும். அதனால் கடைசிச் சம்பளத்தோடேயே எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள்.

மேற்குலண்டன்காரன்

தங்கச்சி, இதைப் பிரிண்ட் எடுத்து மகனோடு இருந்து வரிவரியாகப் பார்த்தேன். அவன் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தான், சரி வருகிறது. எச்ஆருக்கு இரவே எழுதிவிட்டேன். இரண்டு சந்தேகம். பழைய சுப்பர்மார்க்கெட் வேலையில் 7,200 பவுணோடு சின்னப் பென்சன் ஒன்று கிடக்கிறது. அதையாவது எடுக்கலாமா? மற்றது, ஜொப் சென்டருக்குப் போக மனம் வரவில்லை. இவ்வளவு காசு கையில் வாங்கிவிட்டு அரசாங்கத்திடம் கேட்பது சரியா?

பேரோல்காரி

சின்னப் பொட்: 10,000க்கு உட்பட்ட பொட்டை முழுதாக எடுக்க ஒரு தனி வழி இருக்கிறது. தனிப்பட்ட பென்சன்களில் மூன்று தடவை வரை அப்படி எடுக்கலாம். இப்படி எடுத்தால் அந்த 10,000 எல்லை உங்கள் மேல் விழாது. கால்வாசி 1,800 வரியில்லாமல், மிச்சம் 5,400க்கு பொதுவாக 20 வீதம் பிடித்துத் தருவார்கள். கூடப் பிடித்திருந்தால் பி53 படிவம் போட்டுத் திரும்ப எடுக்கலாம். ஆனால் படிவத்தில் எந்த வழி என்று குறிக்க வேண்டும். ஃபோனில் “சின்னப் பொட் முறையில் வேண்டும்” என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சாதாரண முறையில் தந்துவிடுவார்கள், எல்லை வந்துவிடும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் இதையும் தொடமாட்டேன்.

ஜொப் சென்டர்: அண்ணா, தயவுசெய்து போங்கள். நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ (வேலை தேடுகிறவர்களுக்கான உதவிக் காசு) என்பது நீங்கள் கட்டிய நாஷனல் இன்சூரன்ஸுக்கு உரிய காசு. உங்கள் சேமிப்பையோ மனைவியின் சம்பளத்தையோ பார்க்கமாட்டார்கள். 2025-26இல் கிழமைக்கு 92 பவுண், ஆறு மாதம் வரை. நோட்டீஸ் காசு மூடுகிற கிழமைகளுக்குத் தரமாட்டார்கள், அதற்குப் பிறகு தொடங்கும். காசைவிட முக்கியம், அந்தக் காலத்துக்கு உங்கள் நாஷனல் இன்சூரன்ஸ் பதிவில் இடைவெளி விழாது. முழு அரச பென்சனுக்கு 35 வருடம் வேண்டும். நம்மில் பலர் இந்த நாட்டுக்கு இருபத்தைந்து, முப்பது வயதில் வந்தவர்கள், முதல் சில வருடம் வழக்கு, விசா என்று போனது. ஒரு வருடம் குறைந்தாலும் வாழ்நாள் முழுக்கக் கிழமைக்குக் கிழமை குறையும். ஜேஎஸ்ஏ எடுத்தால் பி50 போட முடியாது, வரிக் கணக்கை ஜேஎஸ்ஏ முடியும்போது பார்ப்பார்கள். அது பரவாயில்லை.

யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி) வேறு. அதற்குச் சேமிப்பு 16,000க்கு மேல் இருந்தால் இல்லை. மோட்கேஜ் அடைத்ததைக் காசை வேண்டுமென்று கரைத்ததாக எடுக்கமாட்டார்கள், கடன் அடைப்பு அதில் விலக்கு. பென்சன் பொட்டுக்குள் இருக்கிற காசையும் அரச பென்சன் வயது வரும்வரை எண்ணமாட்டார்கள். வெளியே எடுத்தால் எண்ணுவார்கள்.

வெம்ப்ளி 49

இதோடு சேர்த்து ஒரு கேள்வி. எனக்கு 49. என் வேலையும் ஆட்டம் காண்கிறது. ஒருவர் ஃபோன் எடுத்து, 55க்கு முன்னரே பென்சனை எடுத்துத் தருவோம், வரியில்லாமல் கடன் மாதிரித் தருவோம் என்றார். தமிழில்தான் கதைத்தார்.

பேரோல்காரி

தொடர்பைத் துண்டியுங்கள். பென்சன் பற்றி இப்படித் தாமாக ஃபோன் எடுப்பதே 2019 ஜனவரியில் இருந்து தடை. கடும் நோய் போன்ற சில காரணங்களைத் தவிர 55க்கு முன் எடுத்தால் அந்தத் தொகைக்கு 55 வீதம் வரை வரி, அதுவும் உங்கள் தலையில். அவர்களுடைய கட்டணம் வேறு. மிச்சம் வருமா என்பதே நிச்சயமில்லை. உங்களுக்கு 55 ஆகும்போது வயதெல்லையும் 57 ஆகியிருக்கும், 2028 ஏப்ரல் 6இல் மாறுகிறது. தமிழில் கதைத்தார் என்பதற்காக நம்பாதீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிறது, நம் ஆட்களின் வயிற்றெரிச்சல் எத்தனை கேட்டுவிட்டேன்.

50 தாண்டியவர்கள் பென்சன் வைஸில் இலவசமாக ஒரு மணித்தியாலம் வரை கதைக்கலாம். அரசாங்கச் சேவை, ஒன்றும் விற்கமாட்டார்கள். அண்ணா, நீங்களும் படிவம் எதிலும் கையெழுத்துப் போடுமுன் அங்கே ஒரு நேரம் எடுங்கள்.

மேற்குலண்டன்காரன்

எச்ஆரில் இருந்து பதில் வந்தது. ஏப்ரல் 10 சரி. ரிடண்டன்சியும் நோட்டீஸ் காசும் ஏப்ரல் கடைசிச் சம்பளத்தோடு, பி45க்கு முன். 10,000 பென்சனுக்குப் போகிறது, அவர்களுடைய மிச்சத்தில் 750 சேர்க்கிறார்கள். செட்டில்மென்ட் ஒப்பந்தம் (வேலை முடிவது பற்றிய உடன்பாடு) என்று ஒன்று தந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் வக்கீலின் காசைக் கொம்பனி கட்டுமாம். அதற்கும் எனக்கு வரி வருமா?

பேரோல்காரி

750க்கு வாழ்த்துகள், அண்ணா. கேட்டதால்தான் கிடைத்தது. வக்கீல் காசு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, கொம்பனி நேராக வக்கீலுக்கே கட்டினால் உங்களுக்கு வரி இல்லை. உங்கள் கையில் தந்து நீங்கள் கட்டுவதாக எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மோட்கேஜ் அடைக்குமுன் பாங்கில் கேளுங்கள், ஃபிக்ஸ்ட் காலம் (வட்டி மாறாத காலம்) முடியாவிட்டால் முன்கூட்டி அடைப்பதற்குத் தண்டம் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் முடிகிறதென்றால் காத்திருங்கள்.

மேற்குலண்டன்காரன்

பாங்கில் கேட்டேன். ஃபிக்ஸ்ட் மே 31 முடிகிறது. ஜூனில் அடைக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் தம்பி

அண்ணா, கார்கோ ஆட்கள் மே மாதம் புதிதாக எடுக்கிறார்கள். சிவியை அனுப்புங்கள்.